கரடித் தொல்லையும் ஊராட்சியின் கடமையும்

நீலகிரி மாவட்டத்தில் கோத்தகிரி, குன்னூர், குந்தா வட்டாரங்களிலும், பொதிகை மலையடிவாரத்தில் பாபநாசம், கடையம் ஆகிய ஊர்களைச் சார்ந்த பகுதிகளிலும் வாழும் மக்களுக்குக் கரடி புதிய பிராணி அன்று. பாட்டன் காலத்திலும் அது இருந்தது. ஆனால் அப்பொழுது காட்டுக்குள் போனவன்தான் அதைக் கண்டான். இப்பொழுதோ அது ஊரைத் தேடி வருகிறது. கோயிற் கதவைப் பெயர்க்கிறது; நியாய விலைக் கடையின் சன்னலை உடைக்கிறது; பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் புகுந்து எண்ணெயைக் குடித்துவிட்டுப் போகிறது. விடியுமுன் தேயிலைத் தோட்டத்துக்குப் புறப்படும் பெண்களும், இரவு வேலை முடிந்து ஒற்றையடிப் பாதையில் திரும்புவோரும் அஞ்சி அஞ்சி நடக்கவேண்டிய நிலைமை பல ஊர்களில் ஏற்பட்டிருக்கிறது.

இதைப்பற்றிக் கிராம சபைகளில் பேச்சு எழும்பொழுதெல்லாம், கூண்டு வைத்துப் பிடித்துக்கொண்டு போகும்படி வனத்துறையைக் கேட்டுக்கொள்வதென்று தீர்மானம் நிறைவேறுகிறது. மக்களின் அச்சம் நியாயமானது. ஆகவே அத்தீர்மானத்தைக் குறைகூற மாட்டோம். எனினும், கரடி ஏன் வருகிறதென்ற கேள்விக்கு விடை காணாமல் கூண்டை மட்டும் நம்பியிருக்கும் ஊரில் இத்தொல்லை தீராது என்று திடமாகக் கூறுவோம். விடையில் பெரும்பகுதி ஊராட்சியின் கைக்குள்ளேயே இருக்கிறது.

இப்பிராணியின் இயல்பை முதலில் அறிந்துகொள்ளுதல் நலம். இந்தியாவில் நான்கு வகைக் கரடிகள் உண்டு. அவற்றுள் மூன்று இமயமலையையும் வடகிழக்கு மலைகளையும் சேர்ந்தவை. தமிழ்நாட்டில் உள்ளது ஓர் இனமே. கறுத்த சடைமயிரும், மார்பில் வெண்ணிறப் பிறைக் குறியும் உடைய இதைத் தேன் கரடி என்றும் கூறுவர். 1791-ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஷா என்ற ஆங்கில விலங்கியல் அறிஞர் இதன் நீண்ட நகங்களையும் பற்களின் அமைப்பையும் கண்டு, தென் அமெரிக்காவில் மரக்கிளைகளில் தொங்கிக்கொண்டு வாழும் ஒரு மந்தமான விலங்கின் இனம் என்று பிழையாக எண்ணிவிட்டார். அதனால் ஆங்கிலத்தில் ‘சோம்பற் கரடி’ என்ற பொருள்படும் பெயர் இதற்கு நிலைத்துப்போயிற்று. ஒரே இரவில் மூன்று புற்றுகளைப் பெயர்த்துப் போடும் பிராணிக்கு இப்பெயர் எவ்வளவு பொருந்தும் என்பதை மலைவாழ் மக்களே கூறவேண்டும்.

நன்கு வளர்ந்த ஆண் கரடி 100 கிலோவுக்கு மேலும் எடை நிற்கும். முன்கால் நகங்கள் விரல் நீளம் இருக்கும். அவை புற்று தோண்டுவதற்காக அமைந்தவை. மேல்தாடையின் நடுவில் இரண்டு முன்பற்கள் இல்லை. புற்றை உடைத்ததும் மண்ணை ஊதித் தள்ளிவிட்டு, அந்தப் பல்லிடைவெளி வழியாகக் கறையானை உறிஞ்சியெடுக்கும். மண் ஏறாதபடி மூக்குத் துவாரங்களை மூடிக்கொள்ளவும் அதற்கு இயலும். உறிஞ்சும் ஓசை அமைதியான இரவில் 100 மீட்டருக்கு அப்பாலும் கேட்கும். கறையானும் எறும்பும் தவிர நாவல், அத்தி, இலந்தை, கொன்றை ஆகியவற்றின் பழங்களும் தேனும் அதன் ஆகாரம். தின்ற பழங்களின் விதைகளை அது காடெங்கும் பரப்புவதால் காட்டுக்கு அது செய்யும் உபகாரமும் சிறிதன்று.

இதன் மோப்பம் மிகக் கூர்மையானது. பார்வையும் கேள்வியும் அவ்வளவு கூர்மை உடையன அல்ல. இந்த ஒரு செய்தியை உறுப்பினர்கள் நன்கு மனத்திற் கொள்ளவேண்டும். ஏனெனில் நாம் கூறப்போகும் யோசனைகளிற் பெரும்பாலானவை இதிலிருந்தே பிறப்பவை. வெகு தொலைவிலுள்ள எண்ணெய்ப் பாத்திரத்தை அது அறிந்துவிடும். ஆனால் புதருக்கு மறுபுறம் பேசாமல் நடந்து வரும் மனிதனை, அவன் மிக அருகில் வந்த பின்னரே அறியும். அறிந்த கணத்தில் திடுக்கிட்டுப் பாயும். புலி வாழும் காட்டிலேயே காலங்காலமாக வாழ்ந்து வந்த இனமாதலால், ஓடி ஒளிவதைக் காட்டிலும் எதிர்த்துத் தாக்குவதே அதன் தற்காப்பு முறை. மனிதனை உண்ணும் நோக்கம் அதற்கில்லை. தேன் கரடியால் நேரும் விபத்துகளில் மிகப் பெரும்பாலானவை இவ்வாறு எதிர்பாராமல் முகத்துக்கு முகம் சந்திப்பதனாலேயே நேர்கின்றன. காயங்களும் தலையிலும் முகத்திலும்தான் மிகுதியாக ஏற்படுகின்றன.

எண்ணெயும் குப்பையும்

காட்டில் ஒரு நாள் வயிற்றை நிரப்பக் கரடி பல மணி நேரம் தோண்டவேண்டும். பழ மரங்களைத் தேடி அலையவேண்டும். ஊருக்குள் ஒரு லிட்டர் எண்ணெய் அகப்பட்டால் அதில் 8,000 கலோரிக்கு மேற்பட்ட சக்தி இருக்கிறது. உழைக்கும் மனிதன் ஒருவனுக்கு மூன்று நாளைக்குப் போதுமான சக்தி அது. மூன்றே நிமிடத்தில் கிடைக்கும் இந்த விருந்தை ஒருமுறை சுவைத்த பிராணி மறுபடியும் வாராதிருக்குமா?

கருநாடகத்தில் ஹம்பிக்கு அருகே தரோஜி என்னுமிடத்தில் 1994-ஆம் ஆண்டு கரடிகளுக்கென ஒரு சரணாலயம் ஏற்படுத்தப்பட்டது. அங்கே வருவோர் கரடிகளைக் காணும்பொருட்டு, வெல்லம் கலந்த இனிப்புப் பசையைப் பாறைகளில் பூசி வைக்கும் வழக்கம் உண்டு. மாலையில் கரடிகள் குன்றிலிருந்து இறங்கி அப்பாறைகளுக்கு வந்துவிடுகின்றன. அங்கே வேண்டுமென்று செய்வதை நம் மலைக்கிராமங்களில் அறியாமலே செய்துகொண்டிருக்கிறோம். பாறைக்குப் பதில் குப்பைத் தொட்டி. பசைக்குப் பதில் விளக்கெண்ணெயும், ரேஷன் கடைப் பாமாயிலும், சர்க்கரை மூட்டையும், கடை வாயிலில் எறிந்த மிச்சப் பலகாரமும்.

இதனினும் கவலைக்குரிய செய்தி ஒன்று உண்டு. கரடிக் குட்டிகள் தாயின் முதுகில் ஏறிக்கொண்டு பல மாதங்கள் உடன் செல்லும். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்குத் தாயைப் பிரிவதில்லை. எந்தப் பழம் எப்பொழுது பழுக்கும், எந்தப் புற்றில் கறையான் மிகுதி என்பதையெல்லாம் அவை கற்கும் பள்ளி அந்த முதுகுதான். தாய் கோயிற் கதவைத் திறந்தால் குட்டியும் அதையே கற்கும். இன்று ஒரு கரடியின் வழக்கமாக இருப்பது, சில ஆண்டுகளில் மூன்று நான்கு கரடிகளின் வழக்கமாகிவிடும். ஆகையால் முதல் முறை கதவு உடைந்த அன்றே ஊராட்சி விழித்துக்கொள்ள வேண்டும்.

கோயிலிலிருந்து தொடங்குவோம். மலைக்கிராமங்களிலுள்ள சிறு கோயில்கள் பெரும்பாலும் ஊர்க்கோடியில், தேயிலைத் தோட்டத்தை ஒட்டி இருப்பவை. மாலைப் பூசை முடிந்ததும் எஞ்சிய எண்ணெய், நெய், வெல்லம், பழம் யாவற்றையும் இறுக மூடிய பாத்திரத்தில் இட்டு, ஊர் நடுவிலுள்ள ஒரு வீட்டில் கொண்டுபோய் வைக்கும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைக்கலாம். தரையிலும் விளக்குத் தண்டிலும் சிந்திய எண்ணெயைச் சாம்பல் இட்டுத் துடைத்துவிட வேண்டும். வாசனை நின்றால் கரடியும் நிற்கும். தீபம் இரவு முழுவதும் எரியவேண்டும் என்ற நம்பிக்கை உள்ள இடங்களில் பெரியோர்களைக் கலந்துகொண்டு, சில மணி நேரத்துக்கு மட்டும் போதுமான எண்ணெயை ஊற்றும் வழக்கத்தை மேற்கொள்ளலாம். இரும்புக் கதவு போடுவதும் நன்றே. ஆனால் உள்ளே எண்ணெயை வைத்துவிட்டு வெளியே இரும்பைப் பூட்டினால், கதவுச் செலவோடு சுவர்ச் செலவும் சேர்ந்துகொள்ளும்.

சத்துணவுக் கூடத்திலும் அங்கன்வாடியிலும் நியாய விலைக் கடையிலும் எண்ணெய், பருப்பு, சர்க்கரை ஆகியவற்றைக் காடு நோக்கிய சன்னலுக்கு அருகில் வைக்கலாகாது. கல்சுவர் சூழ்ந்த உள்ளறை ஒன்றைப் பொருளறையாக்கி, வலிய கதவும் கம்பியும் இட்டுக்கொள்ளுதல் வேண்டும். பலகைத் தடுப்பும் தகரமும் கரடியின் நகத்துக்கு ஒரு தடையே அல்ல. தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளில் சமையற்கட்டு தகரச் சார்ப்பாக இருப்பின், இரவில் எண்ணெய்ப் புட்டியையும் கருவாட்டையும் அங்கே விடாமல் உள்ளறைக்கு எடுத்துச் செல்வது போதும்; செலவில்லாத காரியம்.

குப்பை விஷயத்தில் நேரமே முக்கியம். பெரும்பாலான ஊர்களில் தூய்மைக் காவலர்கள் காலையில் குப்பை எடுக்கிறார்கள். நகரத்துக்கு இது பொருந்தும். காட்டோரக் கிராமத்திலோ, பகல் முழுவதும் சேர்ந்த எச்சில் இலையும் இறைச்சிக் கழிவும் கரடி நடமாடும் இரவு முழுவதும் தெருவிலேயே கிடக்கின்றன. மாலை நான்கு மணிக்குள் அள்ளிவிடும்படி நேரத்தை மாற்றிப் பாருங்கள். புதிதாக ஓர் ஆளும் வேண்டியதில்லை. தொட்டிகள் மூடியும் கொக்கியும் உடைய இரும்புத் தொட்டிகளாக இருந்து, சிமெண்டுத் தளத்தில் பொருத்தப்படுதல் நலம். தேநீர்க் கடை, ரொட்டிக் கடை, இறைச்சிக் கடை, தங்கும் விடுதி ஆகியவற்றை நடத்துவோரிடம் இதைத் தனியாக வற்புறுத்த வேண்டும். ஏனெனில் ஒரு விடுதியின் கழிவு பத்துக் குடும்பங்களின் கழிவுக்குச் சமம். குப்பையைப் பள்ளத்தில் கொட்டிவிட்டால் கண்ணுக்கு மறைந்துவிடும், மோப்பத்துக்கு மறையாது.

குஞ்சப்பனை, பர்லியார் போன்ற தாழ்ந்த சரிவுகளில் பலா பழுக்கும் பருவத்தில் யானையும் வரும், கரடியும் வரும். வீட்டருகே உள்ள மரங்களில் பழுக்குமுன்பே காயைப் பறித்து விற்றுவிடுவது உத்தமம். தேனீப் பெட்டி வளர்ப்போர் அவற்றைப் புதரோரத்தில் பரப்பி வையாமல், வீட்டுப் பார்வையில் ஓரிடத்திற் சேர்த்து வைத்துச் சூரிய சக்தி வேலி இடலாம். காட்டை ஒட்டிய நிலங்களில் அத்தகைய வேலி போடுவோர், 2023-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு வகுத்த மின்வேலி விதிகளின்படி பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பதை மறவாதிருப்பார்களாக. வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் பாய்ச்சுவது பெருங்குற்றம். அதிற் பட்டு இறந்தவர்களில் வேலியிட்டவரின் சொந்தக் குடும்பத்தாரும் உண்டு.

பாதையோரப் புதர்

உணவு கரடியை ஊருக்கு அழைக்கிறது. புதர் அதைப் பகலில் ஊரருகே தங்கவைக்கிறது. உண்ணிச்செடி வெளிநாட்டிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட செடி. இன்று அது மலைச்சரிவுகளில் மனிதன் நுழைய இயலாத அடர்த்தியாகப் பரவிவிட்டது. கவாத்துச் செய்யாமல் விடப்பட்ட தேயிலைத் தோட்டங்கள் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து காடாகிவிட்டன. பசுந்தேயிலைக்குக் கட்டுப்படியான விலை கிடைக்காத சிறு விவசாயி தோட்டத்தைப் போட்டுவிடுகிறார். அங்கே கரடி குடியேறுகிறது. அண்டைத் தோட்டத்துக்காரருக்குப் பறிப்பதற்கு ஆள் வருவதில்லை. இந்தச் சங்கிலியை எந்தத் தனி விவசாயியும் அறுக்க முடியாது. நிலவுடைமையாளர் வெளியூரில் இருந்தால் அவரைக் கடிதம் மூலம் வேண்டி, பொது வழியை ஒட்டிய பகுதியையாவது வெட்டச் செய்வது ஊராட்சியின் பொறுப்பு.

எல்லாப் புதரையும் அழிப்பது இயலாது, அவசியமும் இல்லை. பள்ளிக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் கோயிலுக்கும் செல்லும் பாதைகளைக் குறித்துக்கொண்டு, அவற்றின் இருமருங்கும் பத்துப் பதினைந்து அடி அகலத்துக்கு வெட்டிச் சுத்தமாக வைத்திருந்தால், மனிதனும் கரடியும் ஒருவரையொருவர் தொலைவிலேயே அறிந்துகொள்ள வாய்ப்பு ஏற்படும். உண்ணிச்செடி வெட்ட வெட்டத் தழைக்கும். வேரோடு பறிக்காவிடில் அடுத்த மழைக்கு மறுபடியும் வெட்டவேண்டியிருக்கும். தெருவிளக்கு நிதி வரும்பொழுது பாதைத் திருப்பங்களுக்கு முதலிடம் தருக. விடியுமுன் வெளியே ஒதுங்க நேரும் குடியிருப்புகளில் கழிப்பறைகள் பழுதின்றித் தண்ணீரோடு இருக்கின்றனவா என்பதையும் உறுப்பினர்கள் நேரிற் சென்று பார்க்கவேண்டும். கரடி நடமாடும் நேரமும் அதுவே.

தோட்ட வேலையை நன்கு வெளிச்சம் வந்தபின் தொடங்குவதும், இறங்குமுன் தகரத்தைத் தட்டியோ உரக்கப் பேசியோ ஓசை செய்வதும் நல்ல பழக்கங்கள். விறகுக்கும் தேனுக்கும் தனியே போதல் கூடாது. நாயை அவிழ்த்துவிட்டுக்கொண்டு போவது பாதுகாப்பென்று பலர் நினைக்கிறார்கள். அது முன்னே ஓடிக் கரடியைச் சீண்டிவிட்டு, துரத்தப்பட்டதும் எசமானனிடமே ஓடிவரும். பின்னால் யார் வருவார் என்று சொல்ல வேண்டுவதில்லை.

எதிரே கண்டுவிட்டால் ஓடலாகாது. மனிதனைவிட அது வேகமாக ஓடும், மரமும் ஏறும். அசையாமல் நின்று, தாழ்ந்த குரலிற் பேசியவாறு, முகத்தை அதன் பக்கம் வைத்துக்கொண்டே மெல்லப் பின்வாங்க வேண்டும். குட்டி தென்பட்டால் தாய் எப்பக்கம் என்று அறியும்வரை முன்னே செல்லக்கூடாது. பாய்ந்துவிட்டால், தரையில் குப்புறப் படுத்து, முகத்தை மண்ணில் புதைத்து, இரு கைகளையும் பிடரியின்மேல் கோத்துக்கொள்வது கண்ணையும் முகத்தையும் உயிரையும் காக்கும். அது விலகிப்போனதென்று நிச்சயமாகும்வரை எழக்கூடாது. காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, 108 ஊர்தியை அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இரத்தம் பெருகினால் முதலில் துணிகொண்டு அழுத்திக் கட்டுவதே தலையாய காரியம். காயம் சிறிதாயினும் வெறிநாய்க்கடிக்கான தடுப்பூசியும் இரணஜன்னித் தடுப்பூசியும் பற்றி மருத்துவரைக் கேட்காமல் திரும்பக்கூடாது.

இனிக் கூண்டைப்பற்றி. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் தேன் கரடி முதல் அட்டவணையிற் சேர்ந்தது. மனித உயிருக்கு ஆபத்தான கரடியைப் பிடிக்க மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்து மூலமான ஆணை வேண்டும். ஊராட்சித் தலைவரோ வனக்காப்பாளரோ தாமே முடிவுசெய்ய இயலாது. கூண்டுக்குக் காலதாமதம் ஆவதற்கு இதுவே காரணம் என்பதை மக்களுக்கு எடுத்துக் கூறினால் வீண் மனத்தாங்கல் குறையும். சுருக்குக் கம்பி, அவுட்டுக்காய், நஞ்சு இவற்றால் கொல்வோருக்கு 3 முதல் 7 ஆண்டுவரை சிறையும் அபராதமும் உண்டு. சுருக்கில் ஒரு கால் சிக்கித் தப்பிய கரடி பின்னர் எதிர்ப்படும் முதல் மனிதனை என்ன செய்யும் என்பதையும் நினைத்துப் பார்க்கவேண்டும்.

ஆணை பெற்றுப் பிடித்துப்போனாலும் காரியம் முடிந்துவிடுவதில்லை. எண்ணெயும் குப்பையும் இருந்த இடத்திலேயே இருந்தால், காலியான இடத்துக்கு வேறொரு கரடி வந்து சேரும். பழகிய இடத்துக்கு மீளுவதும் உண்டு. பிடிபட்ட பிராணிக்கும் அது எளிதான பயணமன்று. 2022-ஆம் ஆண்டு நவம்பரில் தென்காசி மாவட்டம் கடையம் அருகே, மோட்டார் சைக்கிளில் சென்ற ஒருவரைக் கரடி தாக்கிற்று. காப்பாற்ற ஓடிவந்த இருவரும் முகத்தில் படுகாயமுற்றனர். வனத்துறையினர் மயக்க ஊசி செலுத்திப் பிடித்துக் களக்காட்டுக் காட்டில் விட்டனர். அங்கே அது இறந்துபோயிற்று. மூன்று குடும்பங்கள் துயருற்றன, கரடியும் பிழைக்கவில்லை.

கரடி ஒரு வீட்டிலோ கொட்டகையிலோ அகப்பட்டுக்கொண்ட வேளையில் ஊர் திரண்டு சூழ்வதைப்போன்ற அபாயம் வேறில்லை. கல்லெறிவதும், கைப்பேசியில் படம் பிடிக்க நெருங்குவதும் அதை ஆத்திரமடையச் செய்யும். காட்டை நோக்கிய ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டு, நாய்களைக் கட்டி, குழந்தைகளையும் முதியோரையும் வீட்டுக்குள் வைத்து, வனச்சரக அலுவலகத்துக்குச் செய்தி சொல்லிக் காத்திருந்தால் இருள் சூழ்ந்ததும் பெரும்பாலும் தானே போய்விடும். கூட்டத்தை அடக்குவது வனக்காப்பாளரைக் காட்டிலும் உள்ளூர் உறுப்பினருக்கே எளிது. இதற்கென ஒவ்வொரு குக்கிராமத்திலும் இருவர் மூவரை முன்கூட்டியே நியமித்து, அவர்களுடைய தொலைபேசி எண்களை ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி வைக்கலாம்.

உயிர்ச் சேதத்துக்கும் காயத்துக்கும் சொத்து நஷ்டத்துக்கும் அரசு நிவாரணம் வழங்குகிறது. நிகழ்ந்தவுடன் வனச்சரக அலுவலகத்தில் எழுத்து மூலம் தெரிவித்து, உடைந்தவற்றைப் பழுதுபார்க்குமுன் படமெடுத்து, மருத்துவச் சான்றையும் கிராம நிர்வாக அலுவலரின் சான்றையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும். பல விண்ணப்பங்கள் தாமதமாவது இக்காகிதங்கள் குறைவதனாலேயே. எழுதப் படிக்க இயலாதோருக்கு உறுப்பினர் ஒருவர் உடன் செல்வாராக.

கடைசியாக, ஊராட்சி அலுவலகத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளும்படி வேண்டுகிறோம். கரடி வந்த நாள், நேரம், இடம், எதைத் தின்றது, எவ்வழியாக வந்து எவ்வழியாகப் போயிற்று, குட்டி உடன் இருந்ததா என்று ஆறு கலங்கள் போதும். மூன்று மாதம் விடாமல் எழுதினால், எந்தத் தொட்டி, எந்தக் கோயில், எந்தப் புதர் என்பது தெரிந்துவிடும். அடுத்த கிராம சபையில் அதைப் படித்துக் காட்டி வேலையை வரிசைப்படுத்திக்கொண்டு, ஒரு பிரதியை வனச்சரக அலுவலகத்துக்கும் அனுப்பிவைக்க வேண்டும்.